போத்தலா, 97 பெட்ரோலா, போமன் கையா: இஞ்சின் அழுக்குக்கு எது சரி?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கார்கள் ஓடும் தூரம் குறைவு. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவோம், சந்தைக்குப் போவோம், சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடை. எல்லாமே 3, 4 கிலோமீட்டர்தான். இஞ்சின் ஒழுங்காகச் சூடேறும் முன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். கரி படிவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. அதனால்தான் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வரிசையாக நிற்கும், பெட்ரோல் டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) கிளீனர் போத்தல்கள் மேல் நம் ஆட்களுக்கு இவ்வளவு நம்பிக்கை.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. என் 2011 மைவி கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் உதறும், சில நாள் அப்படியே நின்றுவிடும். மூன்று மாதத்தில் மூன்று போத்தல் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் எங்கள் போமன் (மெக்கானிக்) மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் காற்றுக்குழாயைக் கழற்றி, இஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். சுற்றிலும் தார் பூசியது போல் கறுப்பு வளையம்.

“தம்பி, நீ ஊத்துறதெல்லாம் இதைத் தாண்டித்தான் உள்ளே போகுது. அழுக்கு முன்னாலேயே இருக்குப்பா.”

ஸ்ப்ரே அடித்து, துணியால் துடைத்து, அரை மணி நேரத்தில் முடித்தார். அன்றோடு உதறல் நின்றது. டேங்கில் ஊற்றும் மருந்து பெட்ரோல் போகும் வழியில் மட்டுமே போகும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. காற்று வரும் வழியில் அழுக்கு இருந்தால் 10 போத்தல் ஊற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். கார் உதறினால் முதலில் போமன் கை, போத்தல் அப்புறம். பழைய ஸ்பார்க் பிளக்கையும் பழுதான காயிலையும்கூட எந்தப் போத்தலும் சரிசெய்யாது.

சரி, அழுக்கு பெட்ரோல் வழியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே போத்தலுக்குப் போட்டி, விலை கூடிய 97 ஆக்டேன் பெட்ரோல். “97 அடிச்சா இஞ்சின் கிளீனாயிடும்” என்று நம் ஊரில் பலர் சொல்கிறார்கள். அந்த எண் சொல்வது வேறு விஷயம். அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்து ‘நாக்கிங்’ வராமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. சுத்தம் செய்வது பெட்ரோலில் கலக்கும் சோப்பு போன்ற மருந்து. அது சாதாரண 95லும் இருக்கிறது. கால்டெக்ஸ் தன் 95, 97 இரண்டிலும் டெக்ரோன் என்ற அப்படியொரு மருந்தைக் கலந்துதான் விற்கிறது. சில கம்பெனிகள் விலை கூடிய பெட்ரோலில் மருந்தைக் கூடுதலாகச் சேர்ப்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் குடிமக்களுக்கு 95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 காசு ஆனது. 97 அப்போது அதைவிட 1 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல். என் மைவியின் டேங்க் 40 லிட்டர். ஒரே ஒரு முறை நிரப்பும்போது கூடுதலாகப் போகும் பணத்தில் ஒரு நல்ல போத்தலே வாங்கிவிடலாம். 95க்குச் செய்த காரில் சுத்தத்துக்காக 97 ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எது நல்ல போத்தல்? லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பாலிஈதர்அமைன், சுருக்கமாகப் பி.இ.ஏ. என்று எழுதியிருக்க வேண்டும். அது சூட்டைத் தாங்கும். அதனால் இன்ஜெக்டர் முனையையும் வால்வின் பின்புறத்தையும் கழுவிவிட்டு, பிஸ்டன் தலையில் உள்ள கரி வரைக்கும் வேலை செய்யும். விலை மலிந்த சிலவற்றில் பி.ஐ.பி.ஏ. என்ற இன்னொரு வகை இருக்கும். இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும் அது போதும், ஆனால் பெட்ரோல் எரியும் அறையில் உள்ள கரியை அது கரைக்காது. எந்த மருந்து என்றே எழுதாமல் ‘பவர் கூடும், எண்ணெய் மிச்சம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஊற்றுவதற்கும் நேரம் இருக்கிறது. மருந்தில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி இஞ்சின் ஆயிலில் கலக்கும். அதனால் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றுவதுதான் புத்தி. நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். ஊற்றிய வாரத்தில் கோலகங்சாரில் ஹைவே ஏறி, மெனோரா சுரங்கம் வழியாக ஈப்போவுக்கு ஒரு நடை போய் வருவேன். அந்த ஏற்றத்தில் இஞ்சின் நன்றாகச் சூடாகி இழுக்கும். போத்தல் வாங்கக் காசில்லாத மாதத்தில் அந்த ஓட்டம் மட்டும்கூட நல்லதுதான். கரி முழுவதும் போகாது, ஆனால் தினமும் 3 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது பெரிய உதவி.

புதிய கார்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைவியில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் பாய்ந்து அதைக் கழுவிக்கொண்டே போகும். டிஜிடிஐ என்று போட்டிருக்கும் புரோட்டோன் இஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாயும். உள்வால்வை அது தொடவே தொடாது. அங்கே போத்தல் இன்ஜெக்டருக்கு உதவும், வால்வுக்கு உதவாது. வால்வில் கரி கட்டியிருந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். நகரத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இந்த வால்வைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு ‘போத்தல் பேக்கேஜை’ என் மைத்துனர் தலையில் கட்டப் பார்த்தார்கள். நல்ல வேளை, பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

பழைய கார்புரேட்டர் மோட்டார்சைக்கிளா? மாதக்கணக்கில் நின்று ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) அடைத்துக்கொண்டால் கழற்றி ஊதுவதுதான் வழி.

டீசல் கதையே வேறு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசானது. அந்த வாரமே எங்கள் ஊரில் எண்ணெய் மிச்சப்படுத்தும் போத்தல்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. தோட்டத்து லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், இழுவை போய்விட்டது என்று இரண்டு போத்தல் ஊற்றியிருந்தார். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019ல் போக்குவரத்து டீசலில் அது 10 விழுக்காடு ஆனது. பயோடீசல் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கின் அடியில் உள்ள கசடையும் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைக்கும். போமன் மாமா ஃபில்டருக்குக் கீழே இருந்த திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி கிளாஸில் பிடித்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஃபில்டரை மாற்றிய மறுநாள், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு அந்த லோரி பழையபடி மேட்டில் ஏறியது.