பீட்டிலா, பக்கியா?

பழைய வண்டி ஒன்றை வாங்கி வீட்டிலேயே புதுப்பிக்க ஆசைப்படும் பக்கத்துத் தெருத் தம்பி, "எதை எடுக்கட்டும் அண்ணே?" என்று கேட்டான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் நான் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பின்னால் எஞ்சின் வைத்த சின்னக் கார். இன்னொன்று டட்சன் 1200 பக்கி, அல்லது அதன் வழிவந்த நிசான் 1400. பக்கி என்றால் இங்கே பின்னால் சுமைத்தட்டு வைத்த வண்டி. சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் "நம்ம பக்கி வெளியே நிக்குது" என்றால், யாரைத் திட்டுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பார்.

இரண்டும் இந்த நாட்டிலேயே கட்டப்பட்டவை. பீட்டில் 1951இலிருந்து 1979 வரை யூட்டன்ஹேகில், பக்கி 2008 வரை பிரிட்டோரியா பக்கத்து ராஸ்லினில். மெக்சிகோவில் பீட்டில் 2003 வரை தயாரானதால் அதற்கும் சாமான் கிடைக்கிறது. ஆகவே எஞ்சின் சாமானுக்காக யாரும் தவிக்க வேண்டியதில்லை.

எஞ்சினைக் கழற்றுவதில் பீட்டிலை அடிக்க ஆளில்லை. கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே நான்கு இடத்தில். ஒயர், கேபிள், பெட்ரோல் குழாயை விடுவித்து, பின்பக்கத்தை உயர்த்தி நிறுத்தினால், ஜாக்கியில் கீழே இறக்கி வெளியே இழுத்துவிடலாம். பக்கிக்குத் தூக்க ஒரு கிரேன் வேண்டும். ஆனால் அதன் எஞ்சினில் நின்றபடியே வேலை பார்க்கலாம், சுற்றிக் கைவிட அவ்வளவு இடம். சூடேறிப் போன வண்டியா என்று மட்டும் பாருங்கள். அதன் அலுமினிய ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, வளைந்திருக்கும். பீட்டில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரே கிடையாது, காற்றுதான். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களையும் ரப்பர் பட்டையையும் "இது எதுக்கு?" என்று தூக்கிப் போட்டவர்கள், பிப்ரவரி வெயிலில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்போது பதில் தெரிந்துகொள்வார்கள்.

சரி, இவ்வளவும் சின்ன விஷயம். டர்பனில் வண்டியைத் தின்பது கடற்காற்று. பீட்டிலின் துரு ஒளிந்திருக்கும். கதவுக்கு அடியில் ஓடி பாடியைத் தாங்கும் ஹீட்டர் சேனல் என்ற இரும்புக் குழல் வெளியே பளபளவென்று இருக்கும்; தரைவிரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டும் அப்படித்தான். (அந்தப் பேட்டரிக்கு மேல் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டின் ஸ்பிரிங் முனையில் பட்டுத் தீப்பிடிக்கும்.)

என் முதல் பீட்டிலில் அழுகிய சேனலை அவசரப்பட்டு வெட்டினேன். வெட்டுவதற்கு முன் கதவுத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்கே ஒரு குழாயை வெல்டிங் வைத்து நிறுத்தியிருக்க வேண்டும். வைக்கவில்லை. புதுச் சேனலைப் பற்றவைத்த பிறகு கதவைச் சாத்தினால் பூட்டு ஒரு விரல் உயரம் தள்ளி இடித்தது. ஆறு வாரச் சனிக்கிழமை போயிற்று, அத்தனையையும் மறுபடி வெட்டினேன்.

பக்கியின் துரு அப்படி ஏமாற்றாது. சுமைத்தட்டின் மூலை, சக்கர வளைவு, கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு என்று கண்ணுக்கு எதிரேயே நிற்கும். பட்டி பூசி மறைத்தாலும் மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒட்டாமல் சொல்லிவிடும். முதல் முறை வெல்டிங் பிடிப்பவனுக்குச் சுமைத்தட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கோணல் விழுந்தாலும் மேலே சாக்குமூட்டைதான் ஏறும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது பக்கி. பீட்டில்தான் வேண்டும் என்றால், எஞ்சின் செத்திருந்தாலும் பரவாயில்லை, ஜொகன்னஸ்பர்க் பக்கமிருந்து ஒரு பாடி பார். 570 கிலோமீட்டர் இழுத்து வரும் செலவு, அந்த மேட்டு நிலத்தின் வறண்ட காற்றுக்குக் கொடுக்கும் விலை. எஞ்சினை மாற்றினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் எண் அழிந்த மலிவு எஞ்சினை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதே.

இன்னொன்று, பக்கியைப் பாதி வேலையில் நிறுத்தினாலும் வேலைக்கு ஆகும். என்னுடையதைச் சாம்பல் நிறப் பிரைமர் என்ற அடிப்பூச்சோடேயே தைப்பூசத்துக்கு எடுத்துப் போனேன், காவடிச் சாமான், வாழைமரம் எல்லாம் அதில்தான் கோயிலுக்குப் போயின. பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அப்படியே வெளியே எடுக்கக் கூடாது என்று தெரியும். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மே மாதம் வரை துருவைத் தேய்த்தேன்.