விரல் ரேகையா, ரகசியக் குறியீடா: எந்தப் பூட்டு எதை மறைக்கும்?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்காரனுக்குக் கை நிற்காது. நீடாமங்கலத்தில் இருக்கும் என் தம்பிக்கு நடவுச் செலவுக்குப் பணம் போதவில்லை. வீட்டில் சொல்லாமல் இரண்டு வளையலை அடகு வைத்து அனுப்பினேன். அவனோடு பேசிய வாட்ஸ்அப்பைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் நகைக்கடன் வரவான எஸ்எம்எஸ், சாப்பாட்டு மேசையில் கிடந்த போனின் முகப்பிலேயே வந்து விழுந்தது. "என்னம்மா இது?" என்றார் கணவர். ரசக் கரண்டி என் கையிலேயே நின்றது.

அதற்கப்புறம்தான் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தேன்.

செயலி முழுவதையும் விரல் ரேகையால் பூட்டும் ஆப் லாக் ரொம்பச் சுலபம். ஆனால் நம் வீடுகளில் ஒரு போனில் இரண்டு மூன்று பேர் விரலைப் பதிந்திருப்போம். குழந்தைக்குப் பாடம் பார்க்க, அவசரத்துக்கு எடுக்க என்று. பதிந்த எந்த விரலுக்கும் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். கணவர் விரல் உங்கள் போனில் இருந்தால் அது பெயருக்குத்தான் பூட்டு.

வாட்ஸ்அப் 2023 மே மாதம் கொண்டுவந்த, வேண்டிய உரையாடலை மட்டும் பூட்டும் சாட் லாக்கிலும் முதலில் இதே ஓட்டைதான். அதே ஆண்டு நவம்பரில் ரகசியக் குறியீடு வந்தது. போன் கடவுச்சொல்லுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். பூட்டிய சாட்களின் இடத்தையே பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம்; தேடுமிடத்தில் அந்தச் சொல்லை அடித்தால்தான் வரும். என் ஓட்டு இதற்குத்தான். மற்ற பூட்டுகளில் பூட்டு இருப்பதே தெரிகிறது. "இதுல என்ன இருக்கு?" என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது.

தானாக மறையும் செய்திகள் (24 மணி நேரம், 7 நாள், 90 நாள்) வேறு ரகம். அதைப் போட்டதும் இரண்டு பக்கமும் ஓர் அறிவிப்பு வரி விழும். எதிராளி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தடுக்க வழியில்லை. தவிர, தினம் பேசும் நாத்தனாரோடு சாட் காலியாகக் கிடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர் போனுக்குள் இன்னொரு போன் மாதிரி. தனி வாட்ஸ்அப், தனிப் படங்கள். தம்பிக்குப் பணம் அனுப்பியதை மறைக்க இவ்வளவு பெரிய பத்தாயம் எதற்கு? ஐபோனில் 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் செயலியையே ஒளித்துவைக்கும், ஆனால் அதன் பெயர் செட்டிங்ஸில் சில இடங்களில் எட்டிப் பார்க்கும்.

பூட்டு போடுவது ஒரு பக்கம். துணையின் போனை வேவு பார்ப்பது? மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. தம்பதிக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தை மறைத்தால் போதாது, வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும் போல.

இத்தனைக்கும் என்னைக் காட்டிக்கொடுத்தது எந்தச் செயலியும் இல்லை, பூட்டுத்திரை அறிவிப்புதான். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனுக்குப் போய் உள்ளடக்கத்தை மறைத்தால் தீர்ந்தது. காசு செலவில்லை, அரை நிமிட வேலை. இப்போது நான் வைத்திருப்பது அதுவும் ரகசியக் குறியீடும்தான். வளையல் தை அறுவடைக்குள் திரும்பிவிட்டது. அவர் விரல் என் போனில் இன்னும் இருக்கிறது. என் விரலை அவர் போனில் பதியச் சொன்னால் மட்டும், "பார்க்கலாம், சார்ஜ் ஏறட்டும்" என்கிறார்.