டைட்டானிக், குயின் மேரி: நீராவிச் சங்கைக் கணினியில் எழுப்ப எந்த வழி சரி?

பழைய பயணிகள் கப்பலின் சங்கொலியை டிஜிட்டலாக உருவாக்க மூன்று வழிகள் இருக்கின்றன. பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டி வாசிப்பது சாம்பிளிங். ஒரே சுருதி மட்டுமே உள்ள எளிய அலைகளான சைன் அலைகளை அடுக்கி ஒலியைக் கட்டுவது இரண்டாவது. சங்குக்குள் நீராவி எப்படி நடந்துகொள்ளும் என்பதையே கணக்காக எழுதும் இயற்பியல் மாதிரி மூன்றாவது. எந்தக் கப்பல் என்று தெரியாமல் இதில் ஒன்றைச் சிபாரிசு செய்ய முடியாது.

குயின் மேரியை எடுத்துக்கொள்வோம். 1936இல் முதல் பயணம் போன கப்பல், 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. மேல்தளத்துப் பயணிகளின் காதைத் துளைக்கக் கூடாது என்று சங்கின் சுருதியை 55 ஹெர்ட்ஸ் என்று தாழ்வாக வைத்தார்கள். மூலச் சங்குகளில் ஒன்று இப்போது குயின் மேரி 2 என்ற பிற்காலக் கப்பலில் ஒலிக்கிறது. அசல் சங்கே பேசும்போது சாம்பிளிங்தான் சுலபம். ஆனால் துறைமுகத்தின் எதிரொலியும் பதிவோடு ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. இன்னொன்று, இன்று அவற்றை ஊதுவது நீராவி இல்லை, அழுத்தப்பட்ட காற்று.

இது சின்ன விஷயமில்லை. அறை வெப்பக் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், 100 டிகிரி நீராவியிலோ சுமார் 470 மீட்டர். மணி வடிவச் சங்கில் உள்ளே நிற்கும் வாயுதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. அதே சங்கைக் காற்றால் ஊதினால், ஏறக்குறைய மத்யமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கிவிடும். குயின் மேரியின் சங்கு அதிரும் தகடு வைத்தது. தகட்டுக்கும் சுருதியில் பங்கு உண்டு என்பதால் இந்தக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது.

டைட்டானிக்கின் சங்கு மணி வடிவம்தான். வெவ்வேறு நீளமுள்ள மூன்று அறைகள் சேர்ந்து ஒலிக்கும். 1912ஆம் ஆண்டுப் பதிவு எதுவும் இல்லை. கடலடியிலிருந்து மீட்ட சங்கை 1999 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஊதினார்கள். கப்பலின் கொதிகலன் அழுத்தமும் குழாய் அமைப்பும் அங்கே ஏது? அந்தப் பதிவை மட்டும் சாம்பிளாக எடுத்து இதுதான் டைட்டானிக் என்று சொல்ல என்னால் முடியாது.

இங்கே என் ஓட்டு இயற்பியல் மாதிரிக்குத்தான். ஒவ்வோர் அறையையும் ஒரு தாமதக் கோடாகவும் (ஒலி அறைக்குள் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் கணக்கு), சங்கின் உதட்டில், அதாவது விளிம்பில், மோதும் நீராவித் தாரையை நேரிலாச் சார்பாகவும் (அழுத்தம் ஏறும் அதே அளவில் விளைவு ஏறாத சூத்திரம்) எழுதலாம். அப்போது ஆரம்பத் திணறல்கூட வரும். வால்வைத் திறந்ததும் அறைக்குள் இருப்பது குளிர்ந்த காற்றுதான். நீராவி அதைத் தள்ளி நிரம்ப நிரம்பச் சுருதி மேலேறும். அழுத்தம் மிஞ்சினால் மேல்சுரத்துக்குத் தாவும். குறும் ஊதலுக்கு ஒரு நொடி, நீள் ஊதலுக்கு நான்கு முதல் ஆறு நொடி என்ற கடல் விதிக்கேற்ப எவ்வளவு நேரமும் பிடிக்கலாம். சாம்பிளிங்கில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி லூப் போட்டால் காது கண்டுபிடித்துவிடும்.

சைன் அடுக்கில் இந்த நெளிவுகளையெல்லாம் கையால் வரைய வேண்டும். மொபைல் விளையாட்டுக்கு அது போதும். போன் ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் எப்படியும் வராது. அதன் மடங்குகளான உயர்ந்த மேல்சுரங்களை வைத்துக் காதே அடிச்சுருதியை ஊகித்துக்கொள்ளும்.

1999 பதிவை ஒதுக்கிவிடவும் வேண்டாம். மூன்று அறைகளிலும் ஒரே வாயு இருப்பதால், மொத்தச் சுருதி ஏறி இறங்கினாலும் மூன்று சுரங்களுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாதிரியின் அறை நீளங்களை அந்த விகிதத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நீராவியின் வெப்பநிலையைக் கொடுங்கள்.