வெள்ளைப்படுதல்: கடை மாத்திரையா, உள்ளே வைக்கும் மாத்திரையா, பரிசோதனையா?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் அம்மாப்பேட்டைத் தெருவில் "உடம்பு சூடு, வெள்ளைப்படுது" என்ற பேச்சு தொடங்கிவிடும். வெந்தயம் ஊறவைப்பார்கள், இளநீர் குடிப்பார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் ஒற்றை மாத்திரை. போன வருடம் நானும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் கேட்டு வாங்கிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து இன்னொன்று. கொஞ்சமும் குறையவில்லை. எனக்கு இருந்தது பூஞ்சையே அல்ல.

மூன்று தொல்லைகளை நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். திரிந்த பால்போல் கெட்டியாக, வாடை இல்லாமல், அரிப்பும் எரிச்சலுமாக வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்கிற பூஞ்சை. நீர்த்து, சாம்பல் கலந்த வெள்ளையாக, மீன் வாடையோடு வந்தால் அங்கே இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று பொருள். உறவுக்குப் பிறகு அந்த வாடை கூடும், அரிப்பு பெரிதாக இராது. எனக்கு இருந்தது இதுதான். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸாக இருக்கலாம். இது உறவின் வழியாகப் பரவுவது. கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மாதவிடாய்க் கணக்கையொட்டி அரிப்போ வாடையோ இல்லாமல் கொஞ்சம் வழுவழுப்பாக வருவது நோயே இல்லை, அதற்கு எந்த மாத்திரையும் வேண்டாம்.

கடையில் வாங்கும் அந்த ஒற்றை மாத்திரை முதல் வகைக்கு மட்டுமே வேலை செய்யும். விலை குறைவு, விழுங்கினால் முடிந்தது, யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும். ஆனால் கர்ப்பிணிகள் இதைத் தாமாகப் போடவே கூடாது. பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையும் பூஞ்சைக்குத்தான். இரவு படுக்கும்போது வைக்க வேண்டும், காலையில் சற்றுக் கசியும். அந்த அசௌகரியம் பிடிக்காமல் பலர் ஒதுக்குகிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் பூஞ்சை என்றால் மருத்துவர்கள் பெரும்பாலும் இதைத்தான் ஒரு வாரத்துக்கு எழுதுகிறார்கள். இந்த இரண்டில், ஏற்கெனவே பரிசோதித்துப் பூஞ்சை என்று உறுதியாகி, அதே அறிகுறி மறுபடி வந்தவருக்கு எது வசதியோ அது போதும்.

முதல் முறை என்றால் நான் பரிசோதனை பக்கம்தான். கசிவில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அமிலத் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். அதில் தெரியும் pH எண் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) இயல்பாக 3.8 முதல் 4.5 வரை. பூஞ்சையில் பெரும்பாலும் அது மாறாது, மற்ற இரண்டிலும் ஏறிவிடும். எனக்கு மெட்ரோனிடசோல் 7 நாள் கொடுத்தார்கள். நான்காம் நாளே வாடை போய்விட்டது, ஆனாலும் 7 நாளும் முடித்தேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை, வரிசைதான் நீளம். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் என் நாத்தனார், "20 ஹேர்பின் வளைவு இறங்கி இதுக்காக வரணுமா அண்ணி?" என்றாள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே முதலில் காட்டு என்றேன். போனாள். சர்க்கரையும் பார்த்தார்கள், கூடுதலாக இருந்தது. அடிக்கடி பூஞ்சை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதை எந்தக் கடை மாத்திரை கண்டுபிடித்திருக்கும்?

கழுவுவதில் வாசனை லிக்விடா, வெறும் தண்ணீரா என்றால் தண்ணீர்தான், அதுவும் வெளிப்புறம் மட்டும். வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், கிருமிநாசினி எதையும் உள்ளே விடக் கூடாது. நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். நைலானைவிடப் பருத்தி உள்ளாடை நல்லது, வியர்வையில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், ரத்தம் கலந்த கசிவு இருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான்.