மெயிலுக்குள்ளேயே அழைப்பு: ஏலக்காய் வியாபாரத்துக்கு எது சரிப்படும்?

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாகத் தினமும் குமுளி ஏறி இறங்குகிறேன். அங்கே ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் கடையில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. போன வருடம் போனில் பேசி ஒரு ஆர்டர் எடுத்தோம். வாங்குபவர் கேட்டது 8 மில்லி (மில்லிமீட்டர்) அளவுக் காய், எங்கள் காதில் விழுந்தது 7. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. யார் சொன்னது சரி என்று காட்ட ஒரு வரி எழுத்து கையில் இல்லை. அப்புறம்தான் மெயிலோடு சேர்ந்து வரும் அழைப்பு வசதிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

இந்த வசதி வந்த காலத்தில் பேச்செல்லாம் காசு மிச்சத்தைப் பற்றித்தான். 2010 ஆகஸ்டில் ஜிமெயிலிலிருந்தே சாதாரண தொலைபேசிக்குப் பேசலாம் என்று கூகுள் திறந்துவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சம் அழைப்புகளுக்கு மேல் போயின. ஆனால் அது அமெரிக்கக் கணக்குகளுக்கு. நம் நாட்டில் அப்போதிருந்த விதிப்படி, கணினியிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்குப் பேசலாம், உள்நாட்டு எண்ணுக்குக் கூடாது. எங்களுக்குத்தான் அது பெரிய குறை, கேரள செக்போஸ்ட்டைத் தாண்டினாலே ரோமிங். 2016-இல் ஜியோ வந்து உள்நாட்டுப் பேச்சுக்குத் தனிக் காசு இல்லை என்று ஆன பிறகு அந்தக் கவலை போய்விட்டது. இப்போது நான் பார்ப்பது இரண்டுதான்: வாங்குபவர் ஊரில் அழைப்பு போகுமா? பேசியது எழுத்தில் நிற்குமா?

முதல் கேள்வியிலேயே வாட்ஸ்அப் அடிபட்டுப் போகிறது. எங்கள் காய்க்கு வளைகுடாதான் பெரிய சந்தை. துபாயில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. சவூதி 2017-இல் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது, அமீரகம் அப்படிச் செய்யவில்லை. ஆனால் கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்றவற்றை அங்கே அனுமதிக்கிறார்கள். மெயில் அழைப்பு எங்களுக்கு உண்மையில் உதவுவது இங்கேதான்.

ஜிமெயிலில் இருக்கும் மீட்டைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். அழைப்பிதழ் மெயிலிலேயே போகிறது, எதிரில் இருப்பவர் தொட்டால் போதும். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம்தான், இருவர் மட்டும் பேசினால் அந்தக் கவலை இல்லை. ஒரு நாள் சல்லடையில் சலித்த காயை வெள்ளைத் துணியில் கொட்டி கேமராவுக்குக் கீழே காட்டினேன். துபாயில் கொள்முதல் பார்க்கும் மலையாளி, "சேட்டா, காய் மஞ்சளா இருக்கே" என்றார். டியூப்லைட் வெளிச்சம் செய்த வேலை. ஸ்டோர் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காட்டியதும் பச்சை பச்சையாகத் தெரிந்தது, விலையும் படிந்தது. போனில் இதை எப்படி விளக்கியிருப்பேன்?

குறையும் உண்டு. இலவசக் கணக்கில் பேச்சைப் பதிவு செய்ய முடியாது. அதனால் பேசி முடித்த கையோடு அதே மெயில் தொடரில் "பேசியபடி 8 மில்லி, இத்தனை மூட்டை, இந்த விலை" என்று எழுதி அனுப்புகிறேன். அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் மூட்டையைத் தைக்கச் சொல்வேன்.

அவுட்லுக் பக்கம் கதை வேறு. 2011-இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஸ்கைப்பை மைக்ரோசாப்ட் தன் மெயிலுக்குள் இணைத்தது, பிறகு 2025 மே 5-ஆம் தேதி மூடியே விட்டது. ஸ்கைப் பெயரையே விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் எத்தனை பேர்! இப்போது அந்த இடத்தில் டீம்ஸ். ஐரோப்பியக் கம்பெனிகள் டீம்ஸ் அழைப்பு அனுப்பினால் சேர்ந்துகொள்கிறோம், நாங்களாக அதில் தொடங்குவதில்லை. எங்கள் பழைய லேப்டாப்புக்கு அது கொஞ்சம் கனம்.

சோஹோ மெயிலை விரும்பித்தான் எடுத்தோம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி என்பது ஒரு பிடிப்பு. அதைவிட, கடைப் பெயரிலேயே மெயில் முகவரி கிடைக்கிறது. வெளிநாட்டார் ஜிமெயில் முகவரியைப் பார்க்கும் பார்வையும் இதைப் பார்க்கும் பார்வையும் வேறு. மெயிலுக்குள்ளேயே இருக்கும் 'கிளிக்' (Cliq) என்ற சோஹோவின் அரட்டை, அழைப்பு வசதியில் கடை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். வெளியாட்களுக்கு மட்டும் மீட் இணைப்பை அனுப்புகிறேன், அவர்கள் கையில் ஏற்கெனவே பழகியது அதுதான்.

எங்களுக்குக் காய் தரும் வண்டன்மேட்டு ஏலத் தோட்டக்காரர்களிடம் இதில் எதுவும் எடுபடாது. மெயிலை யார் திறந்து பார்ப்பார்கள்? அவர்களுக்குச் சாதாரண போன்தான்.

மழைக்காலத்தில் மலையில் நெட் தடுமாறும். அப்போது காயைக் காட்டியதும் கேமராவை அணைத்துவிடுகிறேன், குரல் மட்டுமென்றால் கொஞ்சம் சிக்னலிலேயே ஓடும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே கடை திறக்கும் நேரத்துக்கு இங்கே வெயில் நன்றாக ஏறியிருக்கும், காய் காட்ட அதுதான் தோது.