பக்கத்துக் கட்டில்காரரா, கழுத்து லைனா?

அப்பாவுக்கு டயலிசிஸ் (கிட்னிக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கவேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டில் கிட்னியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. "அங்கை போறவைக்குச் செங்கமாரி தொத்துதாம்" என்று சித்தி போனில் சொன்னதுதான் பெரிய கதையாகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியா, காசு கட்டித் தனியாரிலா, இல்லை வீட்டிலேயே வயிற்றால் செய்யும் முறையா? மூன்றையும் இரண்டு கிழமையாக அலசினோம். ஒன்றரை வருடம் அப்பாவோடு போய்வந்த பிறகு யோசித்தால், தொடங்கிய இடமே பிழை என்று படுகிறது. எங்கே செய்வது என்பதற்கு முதல், இரத்தத்தை எதன் வழியாக எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கவேண்டும்.

அவசரத்தில் தொடங்குபவர்களுக்குக் கழுத்து இரத்தக் குழாய்க்குள் லைன் என்று ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போடுவார்கள். அதன் நுனி இதயத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். தோலில் இருக்கும் கிருமி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நேரே இரத்தத்துக்குள் இறங்கலாம். அப்பாவுக்கு நடந்ததும் அதுதான். மெசினில் போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, பல் கிட்டும் நடுக்கம், பிறகு காய்ச்சல். வாட்டில் மறித்து நாட்கணக்காக ஊசி மருந்து ஏற்றினார்கள். அந்த நேரமும் நாங்கள் பக்கத்துக் கட்டில்காரரைத்தான் சந்தேகத்தோடு பார்த்தோம். பாவம் அந்த மனிசன். கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலில் இருந்தோ, லைனைத் தொட்ட கையில் இருந்தோதான் வருகிறது.

லைன் இருக்கும்வரை கிணற்றடியில் நின்று தலையில் அள்ளி வார்க்கும் குளிப்பு இல்லை. அறுபது வருடம் அப்படிக் குளித்த ஆளை ஈரத்துணியால் துடைத்து விடுவது சின்ன வேலையா? ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு வாளி வார்த்துவிட்டார். கட்டு நனைந்து ஒட்டிக்கிடந்தது. எங்கள் கிணற்றில் பூச்சுக் கட்டாத கல்லுக்குள் ஊறும் தண்ணீர், நாலு வளவு தள்ளி மலக்குழி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஒன்றின் தண்ணீர் மற்றதுக்குச் சுலபமாகப் போய்விடலாம்.

கையில் பிஸ்ரியூலா வேறு கதை. நாடியையும் நாளத்தையும் சின்ன ஒப்பரேசனில் இணைத்துவிடுவார்கள். அது பருத்து ஊசி ஏற்றும் அளவுக்கு வர ஆறு கிழமையில் இருந்து சில மாதம் வரை பிடிக்கும். உடம்புக்குள் நிரந்தரமாகக் குழாய் ஏதும் இல்லாதபடியால் இரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து லைனைவிட நன்றாகக் குறைவு. எல்லாருக்கும் சரிவராது, நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கும் வயது போனவர்களுக்கும் இரத்தக் குழாய் மெலிந்திருக்கலாம். ஆனால் டயலிசிஸ் வரப்போகிறது என்று தெரிந்தும் "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்ட எங்களைப் போன்றவர்களுக்குச் சாட்டு இல்லை.

சரி, இப்போது இடம். அரசாங்கத்தில் காசு கட்டத் தேவையில்லை, சனம் கூட. தனியாரில் காத்திருப்பு குறைவு, ஏசி அறை, ஒவ்வொரு முறையும் காசு. சித்தி பயந்த செங்கமாரிக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஈரலைத் தாக்கிச் செங்கமாரியைக் கொண்டுவரும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் காய்ந்த மேற்பரப்பில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதனால்தான் அந்த நோய் உள்ளவர்களுக்குத் தனி அறையும் தனி மெசினும் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் போகும் இடத்தில் அப்படி இருக்கிறதா என்று நேரே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசியும் இருக்கிறது. டயலிசிஸ்காரருக்கு உடம்பு அவ்வளவாக ஏற்காது என்பதால் வழமையான அளவில் இரண்டு மடங்கு போடுவார்கள். போட்டு முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தம் சோதித்து, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் எண் 10-க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போடவேண்டும். கிட்னி முழுதாகப் போவதற்கு முதலே போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

ஹெப்பற்றைற்றிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இப்போது குளிசையாலேயே, பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு கிழமையில், அநேகமாக எல்லாருக்கும் மாறிவிடுகிறது. அதற்குத் தனி மெசின் கட்டாயமில்லை, கைதான் கவனம்.

அந்தக் கையைப் பற்றி ஒன்று. ஒருநாள் பக்கத்து மெசின் கத்தியது. நேர்ஸ் பிள்ளை ஓடிப்போய்க் கையுறையோடேயே பட்டனை அமத்திவிட்டு, அதே கையோடு அப்பாவின் பக்கம் வந்தது. அப்பா படுத்தபடியே, "மிஸ், குறை நினையாதேங்கோ, அந்தக் கிளவுசை ஒருக்கா மாத்திப்போட்டு வாங்கோ" என்றார். பிள்ளையின் முகம் சிவந்தது, ஆனால் மாற்றியது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு ஆள் எத்தனை கட்டிலைப் பார்க்கிறது என்பதுதான் விசயம். காசு கட்டும் இடத்திலும் அதை எண்ணிப் பாருங்கள். இருமலால் பரவும் காசநோய், தடிமன், கொரோனா போன்றவற்றுக்குச் சாத்திய ஏசி அறையைவிட யன்னல் திறந்த வாட் எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு இது ஏறவே இல்லை. ஏசி என்றால் சுத்தம் என்பது அவவின் கணக்கு.

மூன்றாவது, வீட்டில் செய்யும் முறை. பின்வளவில் இருக்கும் மாமி இதைத்தான் செய்கிறா. வயிற்றில் ஒரு குழாய், அதன் வழியாக நாளுக்கு நாலு தரம் பழைய தண்ணீரை வெளியே எடுத்துப் புது மருந்துத் தண்ணீரை விடவேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு லீற்றர் அளவில் பை. அடுத்தவரின் இரத்தம், அடுத்தவரின் இருமல் என்ற பயமே இல்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஓட்டோ பிடிக்கவும் தேவையில்லை. பதிலுக்கு, நேர்ஸின் கைக்கு இருந்த பொறுப்பு முழுதும் மாமியின் கைக்கு வந்துவிட்டது. யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிற்பாட்டி, பூனையை வெளியே துரத்தி, மாஸ்க் போட்டு, சவுக்காரத்தால் கை கழுவித் துடைத்து, பிறகுதான் பையைத் தொடுவா. ஒருநாள் அவசரப்பட்டால் வயிற்றுக்குள் கிருமி. வெளியே வந்த பைக்குப் பின்னால் உதயன் பேப்பரைப் பிடித்துப் பார்ப்பா. எழுத்து வாசிக்க முடிந்தால் நல்லது. கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கியிருந்தால் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாமியின் ஒழுங்கு அப்பாவிடம் இல்லை. கை கழுவச் சொன்னால் சாரத்தில் துடைக்கிற ஆள். அதனால் எங்களுக்கு பிஸ்ரியூலாவும் அரசாங்க ஆஸ்பத்திரியும்தான் என்று முடிவாயிற்று. தனியாருக்குக் கட்டவிருந்த காசில் கொஞ்சத்தைப் போக்குவரத்துக்கு ஒதுக்கினோம். வீடு துப்பரவாக, ஆள் கவனமாக இருந்தால் நான் மாமியின் வழியைத்தான் சொல்லுவேன்.

லைன் கழற்றிய காயம் ஆறியதும் அப்பா முதல் செய்த வேலை கிணற்றடிக்குப் போனதுதான். டயலிசிஸ் நாளில் ஊசி ஏற்றும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கு வாளிச் சத்தம் கேட்கும். அப்புறம், "இஞ்சை, அந்தச் சவுக்காரத்தை எங்கை வைச்சனீர்?" என்று அம்மாவைக் கேட்கும் சத்தமும்.