பாடம் அருமை, புரோகிராம்தான் ஓடவில்லை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்த பைத்தான் 3 என்ற கணினி நிரல்மொழிக்கான அறிமுகப் புத்தகம் இது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), ஃபங்ஷன் (பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு) எல்லாவற்றையும் இவ்வளவு எளிய தமிழில் எழுத, பாடம் நடத்திப் பழகியவரால்தான் முடியும். ஆனால் உள்ளே இருக்கும் புரோகிராம்களை அச்சுக்கு அனுப்பும் முன் யாரும் ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு எண்களை இன்புட் மூலம் வாங்கிக் கூட்டும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 5, 3 கொடுத்தால் விடை 8 என்று போட்டிருக்கிறார்கள். கணினியில் வருவதோ 53. பைத்தான் 3இல் இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துக் கோவையாகத்தான் தரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றவில்லை என்றால், கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடும். முந்தைய பதிப்பான பைத்தான் 2இல் இதே வரிகள் 8 என்றே காட்டும். பழைய பாடக்குறிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியே முடிந்துவிட்டது! இந்தப் புரோகிராமை ஓட்டினால் எர்ரர் எதுவும் வராது என்பதுதான் மோசம். பிள்ளை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, புத்தகத்துலயே தப்பா போட்டிருப்பாங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

ஒன்றிலிருந்து பத்துவரை அச்சிடும் வைல் லூப்பில், எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரி இடது ஓரத்துக்குப் போய்விட்டது. பைத்தானில் இன்டென்டேஷன், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, வெறும் அழகுக்கு இல்லையே. எந்த வரி லூப்புக்குள் என்பதை அதுதான் சொல்லும். அந்த வரி லூப்புக்கு வெளியே போனதால், திரையில் 1 என்பதே நிற்காமல் ஓடுகிறது. அப்புறம் மேற்கோள் குறிகள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் அவற்றை வளைந்த குறிகளாக மாற்றியிருக்கிறது. கையால் தட்டச்சு செய்தால் தப்பிக்கலாம், கூடவே தரும் பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் சின்டாக்ஸ் எர்ரர், அதாவது எழுதிய முறையே தவறு என்ற செய்திதான்.

கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பி வந்தவர். 2.56 டாலர் என்றால் 256 சென்ட். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 256ஐ 100 என்று எழுதுவார்கள், நூறு சென்ட் ஒரு டாலர், அதனால் அந்தத் தொகை. இந்தப் பதிப்பகத்திடம் நான் கேட்பது ஒரு பக்கப் பிழைதிருத்தம் மட்டுமே.

பாடத்துக்காக மூன்று நட்சத்திரம். பைத்தான் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். தனியாகப் படிக்கப்போகிறவர்கள் அடுத்த பதிப்புவரை பொறுத்திருப்பது நல்லது.